"சேர், இரண்டு விடையும் சரிதானே?" – நுழைவுப் பரீட்சைகளின் கிரகித்தல் வினாக்கள் பற்றி

எஸ்.ஏ.டி., ஐ.ஈ.எல்.டி.எஸ். போன்ற பரீட்சைகளுக்குத் தயாராகும் எமது பிள்ளைகளிடமிருந்து நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான்: "சேர், இரண்டு விடையும் சரிதானே?" கணித வினாவில் இந்தக் கேள்வி அபூர்வமாகவே வரும். கிரகித்தல் பகுதியில் ஒவ்வொரு வகுப்பிலும் வரும். பெற்றோர் பலர் இதைப் பிள்ளையின் ஆங்கிலக் குறைபாடு என்று நினைத்து, இன்னொரு பிரத்தியேக வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். பல நேரங்களில் குறை பிள்ளையிடம்தான். ஆனால் எல்லா நேரத்திலும் அல்ல. வினாவே இரண்டு பொருள்பட அமைந்துவிடுவதும் உண்டு. உலகின் மிகப் பெரிய பரீட்சை நிறுவனங்களே அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்ட சம்பவங்கள் உள்ளன. வெளிநாட்டுப் புலமைப்பரிசிலை ஓரிரு வினாக்களின் புள்ளி தீர்மானிக்கக்கூடும் என்பதால், இந்த விடயத்தை எமது மாணவர்களும் பெற்றோரும் சற்று விரிவாக அறிந்திருப்பது நல்லது.

முதலில் வினா எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைப் பார்ப்போம். வகுப்பில் காட்டுவதற்காக நானே எழுதிய ஒரு சிறு பந்தி இது:

சந்தைக்குப் புதிய கட்டடம் வந்த பின்னரும் ஹாஜியார் தனது பழைய கடையை மூடவில்லை. வாடிக்கையாளர் குறைந்துவிட்டனர். ஆயினும் தினமும் காலையில் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பார். மஃரிபுக்கு முன் மீண்டும் பூட்டுவார். "கடை இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும்" என்பார்.

ஹாஜியாரைப் பற்றி மிகப் பொருத்தமாக ஊகிக்கக்கூடியது எது? (அ) அவர் எல்லா மாற்றங்களையும் வெறுப்பவர். (ஆ) வருமானத்தைவிடக் கடை தொடர்ந்து இருப்பதையே பெரிதாக மதிப்பவர். (இ) புதிய கட்டடத்தில் இடம் எடுக்க வசதியற்றவர். (ஈ) வாடிக்கையாளர்கள் திரும்பி வருவார்கள் என நம்புபவர்.

வினாவை எழுதியவர் மனதில் வைத்திருந்த விடை 'ஆ'. அ, இ இரண்டையும் இலகுவாகத் தள்ளிவிடலாம். 'எல்லா மாற்றங்களையும்' என்பதற்குப் பந்தியில் ஆதாரமில்லை. வசதி பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் 'ஈ'யை எப்படித் தள்ளுவது? கடை இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு வியாபாரி ஏன் சொல்கிறார்? அவர்கள் ஒருநாள் வருவார்கள் என்பதற்காகத்தானே? கெட்டிக்காரப் பிள்ளை இப்படித்தான் யோசிக்கும். சாதாரணமாக வாசிக்கும் பிள்ளை 'ஆ'வைப் போட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும். மோசமான கிரகித்தல் வினா ஆழமாக வாசிப்பவரையே தண்டிக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். ஹாஜியாரின் வாயில் "இனி யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்" என்று ஒரு வசனத்தைச் சேர்த்தால் 'ஈ' விழுந்துவிடும், வினா நேராகிவிடும். அந்த ஒரு வசனம் இல்லாததுதான் பிரச்சினை.

பரீட்சை நிறுவனங்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கின்றன. புதிய வினாக்களை உண்மையான பரீட்சைக்குள்ளேயே புள்ளி வழங்காமல் கலந்து கொடுத்து, மாணவர்கள் எப்படி விடையளிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். இப்போதைய எஸ்.ஏ.டி.யின் வாசிப்பு, எழுத்துப் பகுதியில் தலா 27 வினாக்கள் கொண்ட இரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 32 நிமிடம். ஒவ்வொரு கட்டத்திலும் 2 வினாக்கள் இவ்வாறு பரிசோதனைக்கானவை. எவை என்பது மாணவருக்குத் தெரியாது. முழுப் பரீட்சையிலும் உயர்ந்த புள்ளி பெற்ற மாணவர்கள் ஒரு வினாவில் மட்டும் இரண்டு விடைகளுக்கிடையே பிரிந்து நின்றால் அந்த வினாவில் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். நல்ல முறைதான். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி அவசரமாக வாசித்து ஒரே விடையைப் போட்டால், கோளாறுள்ள வினாவும் இந்தச் சல்லடையில் தப்பிவிடும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1990இல் 'சைக்கொலொஜிகல் சயன்ஸ்' ஆய்விதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், எஸ்.ஏ.டி. கிரகித்தல் வினாக்களைப் பந்தியைக் கொடுக்காமலேயே மாணவர்களிடம் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அடையாளமிட்டால் கிடைப்பதைவிடத் தெளிவாகவே கூடுதலான சரியான விடைகளை மாணவர்கள் தந்தார்கள். பந்தியை வாசிக்காமலேயே விடையின் தோற்றத்தை வைத்து ஊகிக்க முடிகிறதென்றால், அந்தப் பரீட்சை வாசிப்பை மட்டும் அளக்கவில்லை. பரீட்சை எழுதியவரின் மனப்போக்கைப் பிடிக்கும் சாமர்த்தியத்தையும் சேர்த்தே அளக்கிறது. அந்தச் சாமர்த்தியத்தைத்தான் கொழும்பில் பெரிய கட்டணத்துக்கு விற்கிறார்கள். அதை வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை அதே ஆங்கில அறிவுடன் குறைந்த புள்ளியோடு நிற்கும்.

கணித வினா பிழைத்தால் அதை நிரூபிக்கலாம். 1982 மே மாத எஸ்.ஏ.டி.யில், ஒரு சிறிய வட்டம் தன்னைப் போல மூன்று மடங்கு ஆரையுடைய பெரிய வட்டத்தைச் சுற்றி உருண்டு வந்தால் எத்தனை தடவை சுழலும் என்று கேட்டார்கள். சரியான விடை 4. கொடுக்கப்பட்ட ஐந்து விடைகளில் அது இருக்கவில்லை. மாணவர்கள் சிலர் எழுதிக் காட்டினார்கள். சுமார் 3 இலட்சம் பேரின் புள்ளிகள் மீண்டும் கணிக்கப்பட்டன. மொழி வினாவில் இப்படி ஒரு கோட்டை வரைந்து நிரூபிக்க முடியாது. 'உங்கள் விடையும் தவறல்ல, ஆனால் எங்களுடையது மிகப் பொருத்தமானது' என்ற பதிலுக்குள் நிறுவனம் ஒளிந்துகொள்ளலாம். வினாக்களில் 'மிகப் பொருத்தமான' என்ற சொல் எப்போதும் இருப்பதன் காரணமும் அதுவே.

இருந்தும் மொழியிலும் அவர்கள் இறங்கிவந்த சந்தர்ப்பங்கள் உண்டு. 2002 ஒக்டோபரில் நடந்த பி.எஸ்.ஏ.டி. பரீட்சையில் எழுத்தாளர் டோனி மொரிசன் பற்றிய ஒரு வசனத்தைக் கொடுத்து, அதில் இலக்கணப் பிழை உண்டா என்று கேட்டார்கள். பிழையில்லை என்பது நிறுவனத்தின் விடை. மேரிலாந்து மாநில ஆசிரியர் ஒருவர், அவ்வசனத்தில் 'அவர்' என்ற பிரதிப்பெயர் 'மொரிசனின்' என்ற உடைமைச் சொல்லையே சுட்டுவதால் மரபிலக்கணப்படி அது பிழை என்று வாதிட்டார். மாதக்கணக்கில் கடிதங்கள் எழுதினார். இலக்கண அறிஞர்களே இரு பக்கமாகப் பிரிந்தார்கள். கடைசியில் 2003இல் அந்த வினா நீக்கப்பட்டுப் புள்ளிகள் திருத்தப்பட்டன. அவரிடம் வினாத்தாள் கையில் இருந்ததால்தான் அந்த வாதம் சாத்தியமானது.

இந்த விடயத்தில் உலகுக்கே பாடமாக இருப்பது தென்கொரியா. அங்கே நவம்பர் மாதத்தில் ஒரே நாளில் நடக்கும் 'சுனுங்' பரீட்சைதான் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்று சொல்வார்கள். ஆங்கிலச் செவிமடுத்தல் பகுதி நடக்கும்போது விமானங்கள்கூட ஏறி இறங்குவதில்லை. வினாத்தாள் தயாரிப்பவர்களை ஒரு மாதத்துக்கும் மேலாக வெளித்தொடர்பில்லாமல் அடைத்து வைக்கிறார்கள். இத்தனை கவனத்துக்குப் பிறகும் 2003 நவம்பர் பரீட்சையின் கொரிய மொழிப் பகுதியில் 17ஆம் வினா சிக்கலானது. பெக் சொக் என்ற கவிஞரின் 'சொந்த ஊர்' என்ற கவிதையையும், கிரேக்கப் புராணத்தின் மினோட்டர் கதையையும் கொடுத்திருந்தார்கள். கவிதையில், அந்நிய ஊரில் நோயுற்றுக் கிடப்பவரின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வைத்தியர், பேச்சுவாக்கில் ஊரை விசாரிக்க, அவரும் தெரிந்தவராகிப் போகிறார். அந்தக் கையின் சூட்டில் நோயாளிக்குச் சொந்த ஊரே வந்துவிடுகிறது. இந்த வைத்தியருக்கு ஒப்பானது மினோட்டர் கதையில் எது என்பது வினா. சுழல்மாளிகையின் வாசல் என்பது அதிகாரபூர்வ விடை. வீரன் வழி தவறாமல் வெளியே வருவதற்குப் பிடித்துக்கொண்ட நூல் என்று ஏராளமானோர் விடையளித்திருந்தார்கள்.

சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் நூலே சரி என்று ஆட்சேபித்தார். விவாதம் பெரிதாகி, அதே மாதம் இரண்டு விடைகளும் சரியென அறிவிக்கப்பட்டன. அந்தப் பரீட்சையின் வரலாற்றில் இரண்டு விடைகள் ஏற்கப்பட்டது அதுவே முதல் தடவை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. வாசல் வழியாகவும் வீடு திரும்பலாம், நூலைப் பிடித்தும் திரும்பலாம். ஒரு கவிதைப் படிமத்துக்கு 'ஒப்பானது எது' என்று கேட்டு ஒரே விடையை எதிர்பார்த்ததில்தான் கோளாறு. அச்சம்பவத்தின் பின்னர் பரீட்சை முடிந்த கையோடு சில நாட்களுக்கு ஆட்சேபணைகளை ஏற்று, பரிசீலித்து, அதன் பிறகே இறுதி விடைகளை அறிவிக்கும் முறை அங்கே வந்தது.

2014 நவம்பரில் ஆங்கிலப் பகுதியின் 25ஆம் வினாவிலும் இதே கதை. அமெரிக்க இளைஞர்கள் சமூக வலைத்தளங்களில் வெளியிடும் தகவல்கள் பற்றிய வரைபடத்தைக் கொடுத்து, பொருந்தாத கூற்றைக் கேட்டார்கள். கைத்தொலைபேசி இலக்கத்தை வெளியிட்டோர் 2 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்ததை '18 சதவீத அதிகரிப்பு' என்று ஒரு கூற்று சொன்னது. அது 18 சதவீதப் புள்ளிகள் என்றிருக்க வேண்டும். சதவீதமாகச் சொன்னால் 900 சதவீத அதிகரிப்பு. நிறுவனம் பொருந்தாத கூற்றாகக் கருதியது வேறொன்று. ஆக, கவனமாக வாசித்த பிள்ளைக்கு இரண்டு பிழைகள் தெரிந்தன. உயிரியல் வினா ஒன்றும் அதே ஆண்டு பிழைத்தது. இரண்டிலும் இரு விடைகளை ஏற்றார்கள். பரீட்சை நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். ஒரு வினாவுக்காகத் தலைவர் பதவி விலகுவதை எமது நாட்டில் கற்பனை செய்து பார்க்கிறேன். சரி, அது வேறு கட்டுரைக்கான விடயம்.

எழுதியவரிடமே கேட்டால் என்ன என்று யாரும் நினைக்கலாம். அதுவும் உதவாது. தென்கொரியக் கவிஞர் சோய் சுங்-ஹோ, தனது கவிதை பற்றிய பரீட்சை வினாக்களைத் தானே செய்து பார்த்து எல்லாவற்றிலும் பிழை விட்டதாக 2009இல் பத்திரிகையொன்றிடம் சொன்னார். அமெரிக்கக் கவிஞர் சாரா ஹோல்புரூக்கின் கவிதைகளை டெக்சாஸ் மாநிலம் பாடசாலைப் பரீட்சையில் சேர்த்தது. அந்த வினாக்களுக்குத் தன்னால் விடையளிக்க முடியவில்லை என்று அவர் 2017இல் எழுதினார். கவிதையை ஏன் இரண்டு பகுதியாகப் பிரித்தார் என்பது ஒரு வினா. மேடையில் வாசிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடுவதுதான் காரணம் என்றார் அவர். அந்த விடை பட்டியலில் இல்லை.

எமது மார்க்கக் கல்வியைத் தொட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒரு வாசகம் என்ன சொல்கிறது, எதை உணர்த்துகிறது, எந்த அளவுக்கு உறுதியாக உணர்த்துகிறது என்பதை உஸூலுல் பிக்ஹ் கலை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரித்துப் பிரித்துப் பேசியிருக்கிறது. சூரா அல்பகராவின் 228ஆம் வசனத்தில் தலாக் சொல்லப்பட்ட பெண்ணின் இத்தா மூன்று 'குரூஃ' என்று வருகிறது. அரபு மொழியில் அச்சொல் மாதவிடாயையும் குறிக்கும், இரு மாதவிடாய்களுக்கு இடையிலான சுத்த காலத்தையும் குறிக்கும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் சுத்த காலம். ஹனபி மத்ஹபில் மாதவிடாய். இரு தரப்பும் தத்தமது ஆதாரங்களை வைக்கின்றன. எதிர்த்தரப்பை வாசிக்கத் தெரியாதவர் என்று எவரும் சொல்வதில்லை.

ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள பனூ குரைழா சம்பவமும் பலருக்குத் தெரிந்ததே. அங்கு போய்ச் சேர்ந்த பின்னரே அஸர் தொழ வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களுக்குப் பணித்தார்கள். வழியிலேயே அஸர் நேரம் வந்துவிட்டது. சொல்லை அப்படியே எடுத்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகே தொழுதார்கள். விரைந்து செல்லுங்கள் என்பதே கருத்து என்று விளங்கியவர்கள் வழியிலேயே தொழுதார்கள். விடயம் நபியவர்களிடம் சொல்லப்பட்டபோது இரு சாராரில் எவரையும் அவர்கள் கண்டிக்கவில்லை. இந்த ஹதீஸை வைத்து எல்லா விடையும் சரி என்று வாதிட நான் வரவில்லை. பரீட்சைக்கு ஒரு விடை வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டு நியாயமான விளக்கங்களுக்கு இடமளிக்கும் வாசகத்தை ஒற்றை விடை வினாவுக்குத் தெரிவு செய்ததற்கு அதைத் தெரிவு செய்தவரே பொறுப்பு.

தமிழ் மொழியில் பரீட்சை எழுதும் எமக்கு இதில் இன்னோர் அபாயமும் இருக்கிறது: மொழிபெயர்ப்பு. 2018ஆம் ஆண்டு இந்தியாவின் மருத்துவ நுழைவுப் பரீட்சையான 'நீட்' வினாத்தாளின் தமிழ் வடிவத்தில், 180 வினாக்களில் 49 பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. 'சீட்டா' என்ற சிறுத்தை இன விலங்கு தமிழில் 'சீத்தா' என்று அச்சாகியிருந்ததும் அப்போது பேசப்பட்டது. சீத்தா என்றால் தமிழ் மாணவருக்குப் பழம்தான் ஞாபகம் வரும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு 4 வீதம் 196 புள்ளிகளைத் தமிழில் எழுதியோருக்கு வழங்குமாறு ஜூலை மாதம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. எல்லோருக்கும் ஒட்டுமொத்தமாக 196 புள்ளி கொடுப்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற பரீட்சைச் சபையின் விதி அதைவிட அநியாயமானது. தமிழில் மட்டும் படித்த பிள்ளை ஆங்கிலத்தை எப்படி ஒப்பிட்டுப் பார்க்கும்?

எமது உயர்தரப் பரீட்சையும் மும்மொழிகளில் நடப்பது. தமிழ் வினாத்தாளைச் சரிபார்ப்பவர் மூல வினாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் பிழை கண்ணில் படாது. மூலத்தின் பொருள் ஏற்கனவே அவர் மனதில் இருக்கும். மூலத்தைக் காணாத ஒரு தமிழ் ஆசிரியரிடம் கொடுத்து விடை எழுதச் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. எமது பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளுக்கு இப்போதே செய்து பார்க்கலாம்.

இனி, எஸ்.ஏ.டி.யில் வந்துள்ள ஒரு மாற்றத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நியூயோர்க் மாநிலம் 1979இல் இயற்றிய சட்டம் ஒன்று பரீட்சையின் பின் வினாக்களையும் விடைகளையும் மாணவருக்கு வெளிப்படுத்த நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. முன்பு சில திகதிகளில் எஸ்.ஏ.டி. எழுதியோர் கட்டணம் செலுத்தி வினாத்தாளையே பெற்றுக்கொள்ள முடிந்தது. எம்மைப் போன்ற வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் பரீட்சை கணினிக்கு மாறியது. முதற்கட்டத்தில் மாணவர் செய்வதைப் பொறுத்து இரண்டாம் கட்டத்தின் கடினம் மாறுவதால், பக்கத்தில் இருப்பவருக்கு வந்த வினா உங்கள் பிள்ளைக்கு வராது. வினாத்தாள் பெறும் சேவையும் இல்லை. நீண்ட பந்திகளுக்குப் பதிலாக 25 முதல் 150 சொற்கள் கொண்ட சிறு பந்தியும் ஒரு பந்திக்கு ஒரு வினாவும் வந்திருப்பதால் குழப்பம் குறைந்திருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் மேரிலாந்து ஆசிரியர் செய்ததை இன்று ஓர் ஆசிரியர் செய்ய முடியாது. மாணவர் சந்தேகமான வினாவைப் பரீட்சை மண்டப மேற்பார்வையாளரிடம் அறிவித்து, கொலேஜ் போர்டுக்கு எழுதலாம். வினா அவர் கையில் இருக்காது.

ஆகவே மாணவருக்கு நான் சொல்லிக்கொடுப்பது இது. இரண்டு விடைகளுக்கிடையே தடுமாறினால், எது அழகானது, எது ஆழமானது என்று பார்க்காதீர்கள். எந்த விடைக்குப் பந்திக்கு வெளியிலிருந்து குறைவாகக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஹாஜியாரின் பந்தியில் 'ஆ'வுக்கு வேண்டியதெல்லாம் பந்திக்குள்ளேயே இருக்கிறது. 'ஈ'க்கு அவரது எதிர்பார்ப்பு என்ன என்பதை நாம்தான் சேர்க்க வேண்டும். எழுதியவர் 'ஆ'வைத் தெரிவு செய்ததற்கு அதுவே காரணமாக இருக்கும். இது நல்ல வாசிப்பு என்று சொல்லமாட்டேன், பரீட்சை வாசிப்பு. ஒரு நிமிடத்துக்குள் தீராவிட்டால் அடையாளமிட்டு வைத்துவிட்டு நகர வேண்டும்; தவறான விடைக்கு எஸ்.ஏ.டி.யில் இப்போது புள்ளி குறைப்பதில்லை, எனவே எதையும் வெறுமையாக விடக்கூடாது.

ஐ.ஈ.எல்.டி.எஸ். வாசிப்பில் 60 நிமிடத்தில் 40 வினாக்கள். அதில் 'சரி, பிழை, தரப்படவில்லை' என்ற வகையை எமது பிள்ளைகள் தெளிவற்ற வினா என்று திட்டுவார்கள். உண்மையில் அது தெளிவானதுதான். காலிக் கோட்டையைப் போர்த்துக்கேயர் தொடங்கினர், ஒல்லாந்தர் விரிவாக்கினர் என்று பந்தி சொல்கிறது என வைப்போம். 'முதலில் கட்டியவர்கள் ஒல்லாந்தர்' என்பது பந்தியோடு மோதுகிறது: பிழை. 'ஒல்லாந்தர் போர்த்துக்கேயரைவிட அதிகம் செலவிட்டனர்' என்பது மோதவுமில்லை, ஒத்துப்போகவுமில்லை: தரப்படவில்லை. விரிவாக்கினால் செலவு கூடியிருக்கும்தானே என்று பிள்ளை நினைத்தால், அது அதன் சொந்த அறிவு. பெறுபேற்றில் நியாயமான சந்தேகம் இருப்பவர்கள் பரீட்சைத் திகதியிலிருந்து 6 வாரங்களுக்குள், பரீட்சை எழுதிய நிலையத்தின் ஊடாகவே மீள்மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். புள்ளி மாறினால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.